மதகுச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு

"வெள்ளிக்கிழமை. மழை விடவில்லை. தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது – கேட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு ஆற்றுவாய் வெட்டப்பட்டது – கேட்டது. பகல் சாப்பாடு தங்கை வீட்டில். வட்டவிதானையும் வந்திருந்தார் – பார்த்தது."

சுவர் நாட்காட்டித் தாளின் ஓரத்தில் நான் எழுதிய குறிப்பு இது. மழை, வெள்ளம், ஆற்றுவாய் வெட்டிய நாள், அது மூடிய நாள், ஊரில் நடந்த மௌத்து, நிக்காஹ் என்று சாவு கலியாணம் எல்லாவற்றையும் இப்படி எழுதி, மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து வருட வாரியாகக் கட்டி வைக்கிறேன். ஒவ்வொரு செய்தியின் பின்னாலும் 'பார்த்தது' அல்லது 'கேட்டது' என்று போடுவது என் வழக்கம். பழைய பயணிகளும் பாதிரிமாரும் வெள்ளைக்கார அதிகாரிகளும் நம் கரையைப் பற்றி எழுதியவற்றை வாசிக்கும்போதெல்லாம், இந்த ஆள் இதைத் தன் கண்ணால் கண்டாரா என்ற கேள்விதான் எனக்கு முதலில் வரும். பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. எனக்குப் பின்னால் வாசிக்கிறவருக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று நினைத்தேன்.

இந்தத் தாளின் வருடத்தை இங்கே எழுதாமல் விடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் என் தங்கையின் கணவர், என் மச்சான்.

எங்கள் ஊர் கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. மேற்கே சம்மாந்துறை வரை நெல் வெள்ளாமை. கிழக்கே கடல். இரண்டுக்கும் இடையில் நீளமாக ஒரு சிறிய களப்பு, உப்பங்கழி. தோணா என்று சொல்வோம். வயல்களில் இருந்து வடியும் தண்ணீர் எல்லாம் அதற்குள் வந்து சேரும். வருடத்தில் பாதிக்கு மேல், கடல் தள்ளிய மணல், கடலில் திறக்கும் அதன் ஆற்றுவாயை அடைத்துக் கிடக்கும். மாரி மழைக்குத் தண்ணீர் ஏறும்போது அந்த மணலை வெட்டிவிட வேண்டும். வெட்டப் பிந்தினால் தாழ்ந்த வயல்கள் மூழ்கும். முந்தி வெட்டினால் மீன் கெடும். எங்கள் ஊர்ச் சண்டைகளில் பாதி அந்த மணல் மேட்டில் தொடங்கியவை.

மீன் கெடுவது எப்படி என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். நான் கொடுவாய் மீனைக் காட்டித்தான் விளங்கப்படுத்துவேன். குளிர் நாடுகளில் சால்மன் என்று ஒரு மீன் இருக்கிறதாம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி பிறந்த ஆற்றுக்கே ஏறி வருமாம். அதற்காக அந்த நாட்டு ஆட்கள் அணைக்கட்டுகளில் படி கட்டிக் கொடுக்கிறார்கள், கரையில் மரம் நட்டு நிழல் பண்ணுகிறார்கள், எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் திறப்பது என்று ஊர்க்கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள் என்று வாசித்திருக்கிறேன். நம் நாட்டில் அந்தப் பெயரை டின் மீனில்தான் அறிவோம். டின்னுக்குள் இருப்பது வேறு மீனாக இருந்தாலும் 'செமன்' என்றே கேட்டு வாங்குவோம். கொடுவாய் அதற்கு நேர்மாறு. களப்பில் வளரும். மாரியில் முகத்துவாரத்துக்குப் போய் உப்புத் தண்ணீரில் முட்டையிடும். மயிர் பருமன் குஞ்சுகள் வாய் வழியாக உள்ளே ஏறி, கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையில் முழங்கால் தண்ணீரில் ஒளித்து வளரும். ஆகவே வாய் சில வாரங்களாவது திறந்து கிடக்க வேண்டும். உள்ளே தண்ணீரும் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த வருடக் குஞ்சு இல்லை.

மச்சான் கடல் தொழிலாளி. 2004 டிசம்பர் 26 காலையில் அவருடைய மூத்த பிள்ளையைக் கடல் கொண்டுபோனது. பிள்ளைக்கு நான்கு வயது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கதைத்ததில்லை. தோணியை விற்றார். அதன் பிறகு கடலில் கால் நனைக்கவில்லை. வீட்டுக்கு மேற்கே இருந்த தோணாவுக்கு எறிவலையோடு போகத் தொடங்கினார். அப்போது அது தோணாவாக இருக்கவில்லை. கூரைத் தகரம், தென்னங்குற்றி, குளிர்சாதனப் பெட்டிக் கதவு, மெத்தை, எல்லாம் அதற்குள் கிடந்தன. பின்னால் வந்த புதிய றோட்டு அதைக் குறுக்கே வெட்டிப் போனது. அடியில் இரண்டு ஒடுக்கமான குழாய்தான் வைத்திருந்தார்கள். மழையில் அந்தக் குழாயில் தண்ணீர் பீச்சியடிக்கும். எந்த மீனும் எதிர்த்து ஏற முடியாது.

தோணாவின் வடக்குக் கரையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டுக்காரரும் வலைக்காரர். அவரும் மச்சானும் சேர்ந்துதான் அந்தக் குப்பையை வருடக்கணக்காகக் கத்தோலிக்கரின் தோணியில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். குழாய்க்குப் பதில் அகலமான மதகு வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறினார்கள். மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். ஓர் அலுவலகத்தில் ஒருவர், "மீனுக்கா மதகு கேக்கிறீங்க?" என்று சிரித்தாராம். "ஓம் சேர், மீனுக்குத்தான். மனிசனுக்கு றோட்டு போட்டாச்சே" என்று கத்தோலிக்கர் சொன்னாராம். இது கேட்டது. மதகு வந்தது பார்த்தது.

பிறகு இருவரும் தெற்கே கோமாரிப் பக்கம் போய் கண்டல் காய் பொறுக்கி வந்து கரையோரம் ஊன்றினார்கள். ஆடு தின்றது போக மிச்சம் பிடித்துக்கொண்டது. மீனவர் சங்கம் கூடி அந்தக் கரையில் யாரும் வலை போடுவதில்லை என்று தீர்மானித்தது. மச்சான் சங்கத் தலைவரானார். வலை போடாத கரை என்றே அதற்குப் பெயர். சில வருடங்களில் அங்கே பொழுது படும் நேரத்தில் போய் நின்றால், கொடுவாய் இரை அடிக்கிற சத்தம் கேட்கும். கதவை ஓங்கிச் சாத்தினாற்போல ஒரு சத்தம். மச்சான் என்னை அழைத்துப் போய் அதைக் கேட்க வைப்பார்.

"கேட்டியா மச்சான்?"

"கேட்டன்."

"இத எப்படி எழுதுவ? பாத்ததா, கேட்டதா?"

அவருடைய பகிடிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

மீன் பெருகப் பெருக வாய் வெட்டும் சண்டையும் பெருகியது. ஒரு மாரியில் வட்டைக்காரரும் வலைக்காரரும் மண்வெட்டியோடு மணல் மேட்டில் எதிரெதிரே நின்றார்கள். வட்டை என்றால் ஒரு வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்பரப்பு. அதன் தண்ணீர் விவகாரங்களைப் பார்ப்பவர் வட்டவிதானை. எங்கள் தோணாவில் வடியும் வட்டையின் விதானை சம்மாந்துறைக்காரர். உரத்துக் கதைப்பவர், ஆனால் நியாயஸ்தர். அந்தச் சண்டைக்குப் பிறகு பள்ளிவாசல் முன்றலில் இருதரப்பும் கூடின. கத்தோலிக்கரும் வந்தார். அன்றுதான் கோடு பிறந்தது.

புதிய மதகின் பக்கச் சுவரில் சிவப்புப் பெயின்ற்றால் ஒரு கோடு. தண்ணீர் அதைத் தொடும்வரை மணல் மேட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. தொட்ட செய்தி வந்தால் வட்டைத் தரப்பில் ஒருவரும் வலைத் தரப்பில் ஒருவரும் ஒன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு வடக்கு வளைவில், ஒரு தோணி போகும் அகலத்துக்கு, மண்வெட்டியால் மட்டும் வெட்ட வேண்டும். கோட்டளவு தண்ணீர் உள்ளே நின்றால் அதன் பாரமே வாயை வாரக்கணக்கில் திறந்து வைத்திருக்கும். அதற்குக் குறைவாக வெட்டினால் கடல் உடனே மூடிவிடும். கோட்டுக்கு மேலே விட்டால் தாழ்ந்த வயலில் பயிர் அழுகும். இருதரப்பும் ஒவ்வொரு விரலாக விட்டுக்கொடுத்து வந்து நின்ற உயரம் அது.

விதானை நூல் பிடித்தார். மச்சான் தூரிகை பிடித்தார். நான் றோட்டில் நின்று பார்த்தேன். "நேராப் போடுங்க, வலைக்கயிறு போல இழுக்காதிங்க" என்று விதானை. "நீங்க நூல ஆட்டாம பிடிங்க, வரம்பு வெட்டுற ஆளுக்கு நேர் எங்க தெரியும்" என்று மச்சான். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத்தான் அந்தக் கோட்டைப் போட்டார்கள். அதனால் இடது ஓரம் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது. இன்றும் அப்படித்தான் நிற்கிறது.

அந்தச் சிநேகம் வளர்ந்து சம்பந்தத்தில் முடிந்தது. சுனாமிக்குப் பின் பிறந்த ஒரே மகளை மச்சான் விதானையின் இளைய மகனுக்குக் கொடுத்தார். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நெல் மூட்டைகளுக்கிடையில் வளர்ந்த பையன் தோணாக் கரை வீட்டில் குடியிருந்து, தினமும் மோட்டார் சைக்கிளில் மதகைத் தாண்டிச் சம்மாந்துறைக்குப் போய் வாப்பாவின் வயலையும் அரிசி ஆலை வேலையையும் பார்த்தான். ஊரே மெச்சிய சம்பந்தம். என் தங்கை, மூத்தவன் போனதற்குப் பிறகு முதல் முறையாக அந்த வீட்டில் வாய் விட்டுச் சிரித்ததை அந்தக் கலியாணத்தில்தான் பார்த்தேன்.

அடுத்த மாரியில் வந்தது நான் மேலே காட்டிய வெள்ளிக்கிழமை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து நானும் மச்சானும் குடை பிடித்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனபோது விதானை விறாந்தையில் இருந்தார். சேர்ட் முழுக்க நனைந்திருந்தது. மச்சானின் மகள், விதானைக்கும் எனக்கும் மருமகள், அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. மாமனாருக்குத் துவாய் கொண்டுவந்து கொடுத்தாள். பாய் விரித்து, சாப்பாடு வைத்தார்கள். தோணாக் கொடுவாய்தான் குழம்பு. விதானை முதல் கவளத்தை எடுத்துவிட்டுக் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டார்.

"சம்மந்தி, தண்ணி கோட்டத் தொட்டிட்டு."

மச்சான் நிமிர்ந்தார். "எப்ப?"

"இப்பதான் செய்தி வந்த. கீழ் வயல் எல்லாம் தண்ணிக்குள்ள தாண்டு போற நிலையில கிடக்கு. கதிர் வெளிய வராத குடலைப் பருவம். ரெண்டு நாள் நிண்டாலும் ஒண்டும் மிஞ்சா."

"சாப்பிட்டிட்டுப் போய்ப் பாப்பம்."

இந்த இடத்தில் விதானையின் முகம் மாறியது. கோபம் இல்லை. யாரோ தெருவில் வைத்துத் தன் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டதுபோல ஒரு மாற்றம்.

"பாக்கிறதுக்கு என்ன இரிக்கி? நான் சொல்றன் தானே."

என் தங்கை வாசலில் நின்றாள். "காக்கா, சோத்த ஆற விடாதிங்க" என்று விதானையை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். அவளுடைய கண் மச்சானைப் பார்த்தது. மருமகள் கறிச் சட்டியோடு அப்படியே நின்றாள்.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். சம்பந்தி உன் வீட்டுச் சோற்றில் கை வைத்துக்கொண்டு ஒரு சொல் சொல்கிறார். அந்தச் சொல்லைச் சரிபார்க்க நீ குடையை எடுத்துக்கொண்டு எழும்பினால், அவரைப் பொய்யன் என்று அவருடைய மருமகள் முன்னால் சொன்னதாக ஆகிவிடும். அந்தச் செய்தி சம்மாந்துறைக்குப் போய், அங்கே அடுப்படிகளில் வெந்து, திரும்பி வரும்போது அதை வாங்கிக்கொள்வது அந்தக் கர்ப்பிணிதான். மதகு அந்த வீட்டில் இருந்து சைக்கிளில் பத்து நிமிட தூரம். மழை இல்லாவிட்டால் விறாந்தையில் நின்றே அதன் கைப்பிடிச் சுவர் தெரியும்.

மச்சான் சோற்றைப் பிசைந்தார்.

"ஓம், அப்ப வெட்டுவம். அஸர் தொழுதிட்டு மண்வெட்டி எடுத்துவாறன். வடக்கு வளைவுலதானே."

"நீங்க மழைக்க என்னத்துக்கு வாற? இரிமல் வேற கிடக்கு உங்களுக்கு. பொடியனுகள் இரிக்கானுகள், பாத்துக்குவானுகள்."

"இல்ல, ரெண்டு தரப்பும் போறது வழக்கம்..."

"ரெண்டு தரப்பு என்ன ரெண்டு தரப்பு? இப்ப நாம ஒரு தரப்பு" என்றார் விதானை, சிரித்துக்கொண்டு. எல்லாரும் சிரித்தோம். மச்சானும் சிரித்தார். விதானை கொடுவாய்த் தலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மழை இன்னும் இறங்கியது. மச்சான் அன்று வீட்டை விட்டு வெளியே போகவில்லை. நானும் என் வீட்டுக்குப் போய், வாய் வெட்டியாயிற்று என்ற செய்தி வந்ததும் நாட்காட்டியில் அந்தக் குறிப்பை எழுதினேன்.

சனிக்கிழமை விடியலில், சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மழை ஓய்ந்தது. பள்ளிவாசலால் வரும்போதே தெரிந்துவிட்டது. தோணாப் பக்கமிருந்து காகமும் கொக்குமாக ஒரே இரைச்சல். மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் போனேன்.

வடக்கு வளைவில் மணல் கை படாமல் கிடந்தது. வாய் வெட்டப்பட்டிருந்தது கொங்கிறீற்று றோட்டு முடியும் இடத்தில். பக்கத்து வடிகாலைத் துப்புரவாக்க வந்து நின்ற, மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒன்றை யாரோ கேட்டு அழைத்திருக்கிறார்கள். பெக்கோ மணலில் இறங்கி வடக்கு வளைவுக்குப் போகாது. அதனால் சில்லு நிற்கும் இடத்தில் இருந்தே, நேராக, இரண்டு லொறி பக்கம் பக்கமாகப் போகும் அகலத்துக்கு இழுத்துவிட்டிருந்தது. ஒரே இரவில் தோணா கடலுக்குள் போயிருந்தது. எங்களுக்கு முன்னால் கிடந்தது சேறு. நடுவில் ஓர் ஓடை போலத் தண்ணீர். வலை போடாத கரையில் கண்டல் வேர்கள் முழுக்க வெளியே தெரிந்தன. பிரம்பில் பின்னிய கூடைகளைக் கவிழ்த்து வைத்தாற்போல இருந்தது. அவற்றுக்கிடையில் சின்னக் குழிகளில் துடித்துக்கொண்டிருந்ததைக் கொக்குகள் பொறுக்கின. பெரிய கொடுவாய் ஒன்று சேற்றில் பக்கவாட்டில் கிடந்து செவுளைத் திறந்து திறந்து மூடியது. மச்சான் இறங்கி அதை இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். பிறகு நடு ஓடையில் விட்டார். அது ஓட்டத்தோடு கடலுக்குப் போனது. முழங்கால் வரை சேற்றோடு அவர் கரை ஏறினார்.

கத்தோலிக்கர் அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், மதகால் சுற்றி வந்தார்.

"ஆர் ஓம் சொன்ன?"

"நான்தான்."

"நீங்க போய்ப் பாத்தா, காக்கா?"

மச்சான் காலில் ஒட்டிய சேற்றை வழித்தார்.

"சம்மந்திக்குச் சோறு போட்டீங்க. நல்லம். இதுகளுக்கு ஆர் சோறு போடுற?" என்று கண்டலைக் காட்டினார். பிறகு தானே தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கோமாரியில இருந்து தோள்ல சுமந்து வந்தமே" என்றார்.

மதகுச் சுவரைப் போய்ப் பார்த்தேன். சுவர் முழுவதும் மழையில் நனைந்து கறுத்திருந்தது. கோட்டுக்கு மேலேயும் ஈரம், கீழேயும் ஈரம். பாசியோ சருகோ ஒட்டிய அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

விதானை அன்று பின்னேரம் வந்தார். பெக்கோவைத் தான் சொல்லவில்லை, பொடியன்கள் அவசரத்தில் செய்துவிட்டார்கள் என்றார். மச்சான், "ம்" என்றார். "உங்களுக்கு வருத்தமா சம்மந்தி?" என்று விதானை கேட்டார். "வெள்ளாமை தப்பிட்டுத் தானே" என்றார் மச்சான். தேத்தண்ணி குடித்தார்கள்.

வாய் ஒரு கிழமைக்குள் மூடிக்கொண்டது. அந்த மாரியில் பிறகு பெரிய மழை இல்லை. தோணா கணுக்கால் தண்ணீரோடு கிடந்து, மாசி வெயிலில் பச்சையாகி, நாறியது. சங்கக் கூட்டத்தில் மச்சானைக் கேள்வி கேட்டார்கள். விதானை அவசரப்படுத்தினார், பெக்கோவை எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கோட்டத் தொட்டது எண்டு கேட்டன். ஓம் எண்டு சொன்னன். அவ்வளவுதான்" என்றார். ஒரு இளைஞன் பின்னால் இருந்து, "அப்ப நாங்களும் வயல்லயா வலை வீசுற?" என்று சத்தம் போட்டான். சிலர் சிரித்தார்கள். மச்சான் தலைவர் பதவியை விட்டுவிட்டு வந்தார். வலை போடாத கரையில் அந்தக் கோடைக்குள்ளேயே வலை விழுந்தது. இனிக் காப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்றார்கள்.

அறுவடை முடிந்ததும் விதானை புது அரிசி அனுப்பினார். அந்தப் போகம் நன்றாக விளைந்தது. கீழ் வயல்கள் இன்னும் நன்றாக. இதையும் நான் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்தது என்று. தங்கை அன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். புது அரிசிச் சோற்றின் மணம் வாசல் வரை வந்தது. கறி டின் மீன். தோணாவில் மீன் இல்லை, கடல் மீன் அன்று சந்தைக்கு வரவில்லை. மச்சான் ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்தார். முள்ளும் நசுங்கியது.

"இது எந்த ஊரு மீன்?"

"செமன்" என்றாள் தங்கை.

"பாவம். எங்க பிறந்து எங்க வந்து கிடக்கு" என்றார். மகள் சிரிப்பதற்காகத்தான் சொன்னார். அவள் சிரித்தாள். பேரன் அப்போது பிறந்திருக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் பிறந்தான். சோறு மிகவும் ருசியாக இருந்தது. மச்சான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் எறிவலையைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. சம்பந்தி சொல்லிச் சம்மாந்துறையில் ஆலை ஒன்றில் வேலைக்குப் போனார். காலையில் மருமகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போவார். மதகைத் தாண்டும்போது மற்றப் பக்கம் பார்ப்பார் என்று ஊரில் சொன்னார்கள். இது கேட்டது.

அடுத்த வருடம் அவருக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரியால் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பின்னேரங்களில் நான் போய்ப் பக்கத்தில் இருப்பேன். பேரன் அவருடைய நெஞ்சில் ஏறாமல் பிடித்துக்கொள்வதே எனக்கு வேலை. ஒருநாள் அவன் தூங்கிய நேரத்தில் கேட்டார்.

"மச்சான், நீ எழுதி வச்சிரிப்பாய் தானே. அண்டைக்குத் தண்ணி கோட்டத் தொட்டதா?"

"தொட்டது எண்டு எழுதியிரிக்கன்."

"பாத்ததா?"

"இல்ல. கேட்டது."

"ஆரிட்டக் கேட்ட?"

"விதானை சொல்லக்க நானும் உங்களோட இருந்தன் தானே."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அவரும் பாக்கல்லையாம்" என்றார். "போன மாசம் வழியில வரக்க நானே கேட்டன். எனக்கும் செய்தி வந்தது, நான் பாக்கல்ல எண்டாரு."

"ஆர் சொன்னதாம்?"

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மிகவும் மெதுவாக, "தொட்டிருந்தா நான் சொன்ன ஓம் சரி. பெக்கோ மற்றவன்ட பிழை. தொடாட்டி என்ட பிழை. அத மட்டும் தெரிஞ்சா காணும்" என்றார். "உன்னால கண்டுபிடிக்க ஏலுமா?"

"பாக்கிறன்" என்றேன்.

நோன்புக்கு முந்திய மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்கு முன் அவர் மௌத்தானார். பார்த்தது. ஜனாஸாவுக்கு விதானை ஆட்களோடு வந்து சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்தார். கத்தோலிக்கர் மையவாடி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்து போகும்வரை நின்றார். மச்சானும் அவரும் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒருவரோடொருவர் கதைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னதால் கேட்டேன். வாய் சீக்கிரம் மூடியதை வைத்து, தண்ணீர் போதாமல்தான் வெட்டினார்கள் என்று கத்தோலிக்கர் உறுதியாகச் சொன்னார். ஆனால் அவ்வளவு அகலமாக வெட்டினால் கோட்டளவு தண்ணீரும் ஒரே இரவில் வடிந்து, வாய் அப்படித்தான் மூடும். ஆகவே அது ஒன்றையும் நிரூபிக்காது. பெக்கோக்காரர் வெளி மாவட்டத்துக்காரர். எங்கே என்று தெரியவில்லை. மணல் மேட்டுக்குப் போன பையன்கள் வேறு வழியால் போனார்கள், மதகைப் பார்க்கவில்லை. கடைசியில் விதானையிடமே போனேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"மகன்தான் கோல் எடுத்துச் சொன்ன. மதகால வரக்க பாத்தானாம்" என்றார். வாய்க்கால் பக்கம் திரும்பி, "நான் கீழ் வயல நினைச்சி அவன ஏசிக் கத்தியிருந்தன், முதல் நாள். பொடியன் பயந்தவன்" என்றார்.

மகன் என்றால் எங்கள் வீட்டு மருமகன். பேரனின் வாப்பா.

அன்று பின்னேரம் தங்கை வீட்டுக்குப் போனேன். மருமகள் விறாந்தையில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் சம்மாந்துறைக்குப் போனது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"மாமா, அவர்ட்டக் கேக்கப் போறீங்களா?"

நான் பிள்ளையின் தலையைத் தடவினேன்.

"வாப்பாக்கும் தெரியும், அவர்தான் சொன்ன எண்டு. ஒரு வருஷம் அவர்ட பைக்குலதான் பின்னால ஏறிப் போன. ஒரு நாளும் கேக்கல்ல." பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "கேக்காதிங்க மாமா."

அந்த நேரத்தில்தான் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மருமகன் தலைக்கவசத்தைக் கழற்றி, எனக்கு ஸலாம் சொல்லி, என் முகத்தைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். நான் என்ன கேட்டாலும் சொல்லிவிடுவான் போலிருந்தது. "மதகுப் பக்கம் றோட்டு எப்படி, தண்ணி நிக்கிதா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, வத்திட்டு" என்றான்.

வீட்டுக்கு வந்து பழைய கட்டை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்தேன். முதல் செய்திக்குப் பின்னால் இருந்த 'கேட்டது' என்ற சொல்லை வெட்டவில்லை; அதன் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டதா என்பது, இதை எழுதும் நாள் வரை, உறுதிப்படுத்தப்படவில்லை.